அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களில் உங்களுக்குப் பிடித்தவற்றைச் சக வாசகர்களுக்குப் பரிந்துரைக்க முடியுமா?

சுஜாதாவை முழுக்க வாசித்தாயிற்று, ஆங்கிலம் ஓரளவுக்கு வரும், நண்பர்களிடம் இவ்வகை நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் "சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு செய்திகள் மட்டும் இருந்திருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். மூன்றாவதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், மடிப்பாக்கத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் 'ராக்கெட் டீச்சர்' என்ற பட்டத்தோடு காலம் தள்ளிக்கொண்டிருப்பவள்.

உங்களுக்கு யாரேனும் "வாசித்தே தீர வேண்டிய நூறு நாவல்கள்" என்று பட்டியல் கொடுத்தால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்படி வாசிக்கப் புறப்பட வேண்டாம். ஒருவர் மனத்தில் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் கவலை எதுவோ, அதைத் தொடுகிற நாவலைக் கொடுத்தால்தான் அவர் வேற்றுக்கோளுக்கும் மந்திரத் தீவுக்கும் மறுப்பின்றிப் புறப்படுவார் என்பது என் அனுபவம். வெறும் புகழை நம்பிக் கொடுத்த நூல் முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடும்.

எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். வரலாற்று நாவல், தன்வரலாறு, கொஞ்சம் பக்தி இலக்கியம் என்பதே அவர்களுடைய வழக்கமான ஆகாரம். நான் எதைக் கொண்டுபோனாலும் "டீச்சர், பூமியில் இருக்கிற தொல்லை போதாதா?" என்று யாராவது கேட்பார்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்தக் கேள்வி அடங்கியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோன நாட்கள் அவை. தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மாதக் கூட்டத்தில்தான் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலைப் பற்றிப் பேசினேன்.

1965இல் வெளிவந்த இந்த நாவல் அராக்கிஸ் என்ற பாலைவனக் கோளில் நடக்கிறது. அங்குள்ள ஃப்ரெமென் மக்கள், வியர்வையும் மூச்சின் ஈரமும்கூட வீணாகாமல் வடித்துக் குடிநீராக்கும் உடையை அணிந்துதான் வெளியே செல்வார்கள். இறந்தவரின் உடல் அவருக்குரியது, உடலில் உள்ள நீர் குலத்துக்குரியது என்பது அவர்களுடைய சட்டம். புதிதாக வந்த பிரபுவின் முன்னால் ஃப்ரெமென் தலைவர் ஒருவர் மேசையில் எச்சில் துப்புவார். காவலர்கள் ஆயுதத்தை எடுக்கப் போகும்போது, உடலின் ஈரத்தைக் காணிக்கையாகக் கொடுத்து அவர் மரியாதை செய்கிறார் என்று விவரம் அறிந்த ஒருவர் விளக்குவார். நான் இதைச் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தான் கொன்ற மனிதனுக்காகக் கதாநாயகன் கண்ணீர் விடும்போது, "இறந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான்" என்று அந்த மக்கள் வியப்பதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடி முட்டியைச் சிராய்த்துக்கொண்ட அம்மாள் ஒருவர், மேற்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். அடுத்து வந்த கூட்டங்கள் அனைத்திலும் நான் அந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

எதிர்ப்பும் வந்தது. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அன்பர், "மரமே இல்லாத கோளில் மூச்சுவிட ஆக்சிஜன் எங்கிருந்து வரும்?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. ஹெர்பர்ட்டும் அதை யோசித்திருக்கிறார்: மணலுக்கடியில் வாழும் பூதாகரமான புழுக்களே அங்கே ஆக்சிஜனை உண்டாக்குகின்றன என்பது நாவலின் பின்னிணைப்பில் வருகிறது. இந்த நாவல் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது என்பதையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஏனோ தனி மகிழ்ச்சி. வெளியூர் மீட்பர் ஒருவர் வந்து பழங்குடிகளைக் காப்பாற்றும் பழைய கதைதானே இது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மீட்பர்களை நம்பினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையாகவே ஹெர்பர்ட் இதை எழுதினார், 1969இல் வந்த இரண்டாம் நாவலில் அது ஐயத்துக்கிடமின்றித் தெரியும்.

அந்தப் பொறியாளருக்கு அடுத்ததாக நான் கொடுத்தது ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா' (1973). ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் கொண்ட உருளை ஒன்று 2131இல் சூரியக் குடும்பத்துக்குள் நுழைகிறது; உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கதை அவ்வளவுதான். மனிதர்களின் குணச்சித்திரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். ஆனால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் உருளையின் உட்சுவரில் எடை எவ்வளவு இருக்கும் என்று அன்பர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். விண்ணுக்குக் கட்டப்படும் மின்தூக்கியைப் பற்றிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) நாவலில் சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் வேறு பெயர்களில் கொண்டுவந்து, மின்தூக்கிக்கு வசதியாக அந்தத் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி வைத்தார். நம் சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. கிளார்க் மறைந்தது அதே ஆண்டு மார்ச் 19. அந்த ஒரு மாதம் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே நான் அறிமுகப்படுத்திய இன்னொன்று நாவல் என்ற கணக்கில் வராது, சிறுகதைதான். ஆயினும் நீங்கள் இதிலிருந்து தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாஸ் ட்ரீம்', 1905இல் முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். ஒரு மகளிர் பல்கலைக்கழகம் பலூனில் குழாய் பொருத்தி வானத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. பிற்பாடு படையெடுத்து வந்த எதிரிகளை விரட்டுவதும் அந்த வெப்பமே. இப்படிப்பட்ட கற்பனை வெள்ளைக்காரர்களுடையது, நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஆண்டையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். இதற்கு நேர்மாறாக, எல்லாம் நம்மிடம் புஷ்பக விமானத்திலேயே இருக்கிறது, ஆகையால் இவற்றைப் படிக்க வேண்டியதில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. இராமாயணத்தை நானும் விரும்பி வாசிப்பவள்தான். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தடுப்பது எனக்குப் பிடிபடவில்லை.

மிகுபுனைவில் உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) அளவில் சிறியது. நீங்கள் சொல்லும் ஆங்கிலத்துக்கு ஏற்றது. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவன் அதன்மீது அதிகாரம் பெறுகிறான் என்பதே அங்கு மந்திரம். உபதேசம் பெற்ற மந்திரத்தைப் பிறரிடம் வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் பிடிபடும். கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனை அட்டைப்படங்களில் வெளுப்பாக வரைந்ததைப் பற்றி லெ குவின் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். அவருடைய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) இதைவிடப் பெரிய சாதனை; ஆணென்றும் பெண்ணென்றும் நிலையான பிரிவு இல்லாத மனிதர்களின் பனிக்கோளில், இருவர் பனிப்பாளத்தைக் கடக்கும் பகுதிக்காக மட்டுமே அதை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஆனால் முதல் நூலாக அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தொடக்கத்தில் பெயர்களும் அரசியலும் திணறடிக்கும்.

அம்புலிமாமாவில் வளர்ந்தவர் என்றால் டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) போதும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய மூன்று பாகங்களுக்கு அவசரமில்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' பிடித்துப்போகிறது. பேரரசு வீழ்ந்தபின் வரவிருக்கும் முப்பதாயிரம் ஆண்டு இருளைத் திட்டமிட்டு ஆயிரமாகக் குறைக்கும் கதை அல்லவா! எனக்கு அதில் பெண்களே தென்படவில்லை என்ற வருத்தம் உண்டு. லியூ சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நம் வார இதழ்த் தொடர்களைப் போல 2006இல் ஒரு சீன இதழில் தொடராக வந்தது; 2014இல் ஆங்கிலத்துக்கு வந்து, அடுத்த ஆண்டே இவ்வகை நாவல்களுக்கான ஹியூகோ விருது பெற்றது. சீனப் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தமிழில் எதுவும் இல்லையா என்று சண்டைக்கு வரும் முன் சொல்லிவிடுகிறேன்: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் நீங்கள் வாசித்தவை. உங்கள் நண்பர்கள் வாசித்தார்களா என்று கேளுங்கள். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் நாட்டைச் சின்னப் பிள்ளைகளின் கதை என்று அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். வீட்டில் உண்மையாகவே பிள்ளைகள் இருந்தால் ஜெயமோகனின் 'பனிமனிதன்' கொடுக்கலாம். அவருடைய 'விசும்பு' தொகுப்பு பெரியவர்களுக்கு.

இவற்றையெல்லாம் விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. முன்பு நான் உறுப்பினராக இருந்த வாடகை நூலகம் ஒன்று, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்தி, என் முன்பணத்தையும் விழுங்கிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதன்பின் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமே எனக்குக் கதி. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் கிளார்க்கும் அசிமோவும் பழைய பதிப்புகளாகக் கிடைப்பதுண்டு. 'டியூன்' மட்டும் சொந்தமாக இருப்பது நல்லது. ஜனவரிப் புத்தகக் கண்காட்சியில் பொடி எழுத்துப் பதிப்பை நீட்டினால் வாங்காதீர்கள், நாவலின் முடிவில் உள்ள அருஞ்சொல் அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கும்.