மலையைப் பார்க்க மலை ஏற வேண்டாம், ஆச்சி

கேள்வி: எனக்கு 54 வயது, என் கணவருக்கு 59. பள்ளத்தூரில் இருக்கிறோம். தினமும் விடியற்காலையில் இருவரும் கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் 20, 25 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறோம். அடுத்த வருஷம் வெளிநாட்டில் பத்து நாள் சைக்கிளிலேயே ஊர் பார்க்க ஆசை. அவருக்கு சுவிட்சர்லாந்து மலைதான் வேண்டுமாம். எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு, மேடு என்றாலே பயம். அவருடைய ஐயா வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிற்கப் போனவர், அங்கே போகலாமா என்றும் ஒரு யோசனை. இருவரும் சைவம். எந்த இடம் சரிப்படும்?
வாசகி, பள்ளத்தூர்

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

தினமும் 25 கிலோமீட்டர் மிதிக்கிறவர்கள் வெளிநாட்டில் ஒரு நாளைக்கு 35, 40 மிதிப்பது பெரிய காரியமில்லை. அந்தக் கவலையை முதலில் விடுங்கள்.

இடம் தேடும்போது நாம் எல்லோருமே போட்டோவைப் பார்த்துத்தான் மயங்குகிறோம். அதை எடுத்தவர் பெரும்பாலும் காரில் ஏறிப்போய் உயரத்தில் நின்று எடுத்திருப்பார். சைக்கிளில் போகிறவருக்கு அழகு என்பது வேறு. பின்னால் லாரி வருகிறதோ என்ற பயமில்லாமல், மூச்சு இரைக்காமல், தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போக முடிகிற பாதைதான் அழகான பாதை. அது பெரும்பாலும் தண்ணீரை ஒட்டித்தான் இருக்கும். மேடு குறைவு, பார்வையை மறைக்கவும் எதுவுமில்லை. கண்மாய்க்கரையில் சைக்கிள் ஓட்டியிருந்தால் நான் சொல்வது உங்களுக்கே புரியும்.

அண்ணனின் மலை ஆசைக்கும் உங்கள் முழங்காலுக்கும் சேர்த்து நான் சொல்லும் இடம் கான்ஸ்டன்ஸ் ஏரி. ஜெர்மன்காரர்கள் போடன்சே என்பார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாட்டுக் கரைகள் இதற்கு உண்டு. ஏரியைச் சுற்றிவரும் சைக்கிள் பாதை சுமார் 260 கிலோமீட்டர். ஏரி கடல் மட்டத்திலிருந்து 395 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தெற்கே தெரியும் சென்டிஸ் சிகரம் 2,502 மீட்டர். அவ்வளவு பெரிய மலையை, கிட்டத்தட்டச் சமதளத்தில் மிதித்துக்கொண்டே நாள் முழுக்கப் பார்க்கலாம். மேலே ஏறிப் பார்த்தே தீருவேன் என்று அண்ணன் சொன்னால், ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் ஊரிலிருந்து 1,064 மீட்டர் உயரமுள்ள ஃபென்டர் மலைக்கு கேபிள் கார் போகிறது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு இருவருமே போய் வாருங்கள்.

கடிகாரம் சுற்றுகிற திசையிலேயே ஏரியைச் சுற்றுங்கள். அங்கெல்லாம் வண்டிகள் வலப்பக்கம் போகும். இந்தத் திசையில் போனால் தண்ணீரும் உங்கள் வலப்பக்கமே இருக்கும், ஏரிக்கும் உங்களுக்கும் நடுவில் ரோடு வராது. ஏரி முனையில் இருக்கும் கான்ஸ்டன்ஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடிக்கலாம். ஜூரிக் விமான நிலையத்திலிருந்து அங்கே நேர் ரயில் உண்டு.

எல்லா இடத்திலும் பாதை தண்ணீர் ஓரமாகவே போகும் என்று நினைக்க வேண்டாம். சுவிஸ் கரையில் நெடுந்தூரம் தண்டவாளத்தை ஒட்டிப் போகும். அதிலும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முழங்கால் முரண்டு பிடித்தால் அடுத்த ஸ்டேஷனில் சைக்கிளோடு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். கான்ஸ்டன்ஸிலிருந்து மேர்ஸ்பர்க்கிற்கு இரவு பகலாகப் படகு ஓடுகிறது, கால்மணி நேரத்தில் அக்கரை. ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து எதிர்க்கரை ரோமன்ஸ்ஹார்னுக்கும் படகு உண்டு. வேண்டாத பகுதியை வெட்டிவிட ஏரியே வழி தருகிறது. இவ்வளவு சுலபமாக நாளைச் சுருக்க முடிகிற நீண்ட பாதை அரிது, அதனால்தான் முதல் பயணத்துக்கு இதைச் சொல்கிறேன்.

லின்டாவ் என்ற தீவு ஊரில் கட்டாயம் ஒரு ராத்திரி தங்குங்கள். துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல்லில் செதுக்கிய சிங்கம், மறுபக்கம் கலங்கரை விளக்கம். இரண்டுக்கும் நடுவில் சாயங்காலப் படகுகள் நுழையும்போது, பின்னால் ஆஸ்திரிய மலைகள் ஊதா நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். கரைச் சுவரில் உட்கார்ந்து பார்க்கக் காசு கிடையாது.

போக நல்ல நேரம் மே கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை. பாதையில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறியிருக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். சுவிஸ் கரையின் தூர்காவ் பகுதி முழுக்க ஆப்பிள் தோட்டம், அப்போது மரம் நிறையப் பழம் தொங்கும்.

செலவில் ஒரு சூட்சுமம் உண்டு. சுவிட்சர்லாந்தில் சாப்பாடும் அறையும் மிக அதிகம். பகலில் சுவிஸ் கரையில் ஓட்டுங்கள், முடிந்த மட்டும் ஜெர்மனி, ஆஸ்திரியா கரைகளில் தங்குங்கள். மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் கணக்கில் அது ஜெர்மனியாக இருக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்கு, பழம் எங்கும் கிடைக்கும். நூடுல்ஸ் மாதிரி வருவதில் முட்டை கலந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் மளிகைக் கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். பருப்புப் பொடி தாராளமாக எடுத்துப் போகலாம். நெய் வேண்டாம், வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை.

சைவம் என்பதால்தான் ஜப்பானை உங்களுக்குச் சொல்லவில்லை. ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவு தீவாகப் பாலங்களில் போகும் 70 கிலோமீட்டர் ஷிமானாமி பாதை அவ்வளவு அழகு. ஆனால் அங்கே காய்கறிக் குழம்பிலும் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும், தினம் தினம் கேட்டுக் கேட்டே அலுத்துவிடும்.

இப்போது சைகோன். அங்கே நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் நீங்கள் சைக்கிள் ஓட்ட வேண்டாம், மன்றாடிக் கேட்கிறேன். நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. ஐயா நின்று கும்பிட்ட இடத்தில் அண்ணன் நிற்பது ஏரியைச் சுற்றுவதோடு சேர்த்து அவசரமாக முடிக்கிற விஷயமில்லை. அதை வேறொரு வருஷத்துக்குத் தனிப் பயணமாக வையுங்கள். அப்போது சைகோனில் டாக்சியில் சுற்றிவிட்டு, நடு வியட்நாமில் இருக்கும் ஹோய் அன் ஊருக்குப் போய் வயல்வெளிப் பாதைகளில் மிதியுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் அந்தப் பகுதியில் மழை கொட்டும். பக்கத்தில் 496 மீட்டர் உயர ஹாய் வான் கணவாய் இருக்கிறது. 2005இல் சுரங்கப்பாதை திறந்தபின் பெரும்பாலான லாரிகள் அதற்குள் போய்விட்டன, மேல் ரோட்டில் தொல்லை குறைவு. அண்ணன் அதில் ஏறட்டும், நீங்கள் ஹுவேயிலிருந்து டனாங்குக்குக் கடலோர ரயிலில் வந்து சேருங்கள்.

ஐரோப்பாவுக்கு முன்னால் ஓர் ஒத்திகை பார்க்க முடிந்தால் யாழ்ப்பாணம் போய் வாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மழை இருக்காது. நம்மைப் போலவே இடப்பக்கப் போக்குவரத்து, பேச்சும் தமிழ். யாழ்ப்பாண நகரிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை வரை சுமார் 30 கிலோமீட்டர், மேடே கிடையாது. தீவுகளை இணைக்கும் பாலச் சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர். எதிர்க்காற்று அடித்தால் மலை ஏறுகிற மாதிரி இழுக்கும், அந்தப் பழக்கம் நல்லதுதான். துறையிலிருந்து படகில் நயினாதீவு போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்றே திரும்பிவிடலாம்.

ஊரில் இருக்கும்போது ஒரு நாள் அதிகம் மிதித்து, மறுநாள் ஓய்வெடுப்பது பயிற்சி ஆகாது. ஒரு நாள் திருமயம் கோட்டை, மறுநாளே பிள்ளையார்பட்டி, அதற்கு மறுநாளே இன்னொரு பக்கம் என்று அடுத்தடுத்த நாட்களில் போய்ப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் முழங்கால் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். அதை எலும்பு மருத்துவரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள். சீட் தாழ்வாக இருந்தாலே முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்திப் பாருங்கள். பாதி வலி அங்கேயே போகவும் வாய்ப்புண்டு.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிப் போக வேண்டாம், வாடகைக்கு நல்லதாகவே கிடைக்கும். உங்களுக்கு மட்டும் பேட்டரி சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையும் அங்கேதான் எடுக்க வேண்டும், அவ்வளவு பெரிய பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பதிவு செய்யும்போது இருவர் உயரத்தையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். உங்களுக்குப் பழகிய சீட்டை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரரே மாட்டிக் கொடுப்பார்.