இசை கேள்வி–பதில்: ஒரு பாட்டு, பல குரல்கள்

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' விட்னி ஹூஸ்டன் பாட்டுதானே? அதை ஏன் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டு என்கிறார்கள்?

எழுதியவரும் முதலில் பாடியவரும் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன். 1973-ல் நாஷ்வில்லில் பதிவாகி, 1974-ல் அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் பாடிவந்த டாலி, தனிவழி போக முடிவெடுத்தபோது அவரிடம் விடைபெற எழுதிய பாட்டு இது. 1975-ல் லிண்டா ரான்ஸ்டட் பாடினார். 1982-ல் ஒரு படத்துக்காக டாலியே மறுபடி பாட, மீண்டும் முதலிடம்! விட்னியின் பதிவு 1992-ல் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் உச்சியில் இருந்தது.

எல்விஸ் பிரெஸ்லியும் பாடியிருக்கிறாராமே?

பதிவு செய்யவில்லை. ஆசைப்பட்டார். ஆனால் அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். டாலி மறுத்துவிட்டார். எல்விஸே பாட விரும்பியும் உரிமையை விடாத அந்த உறுதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1992-க்குப் பிறகு வந்த பெரும் ராயல்டி அவர் கையிலேயே இருந்த உரிமைக்குத்தான்.

விட்னி பாடியபடி மேடையில் பாட முயல்கிறேன். இசை சேரும் இடத்தில் சுருதி விலகுகிறது. பிறகு ஸ்கேல் மாறும் இடத்திலும் தடுமாறுகிறேன். என்ன செய்யலாம்?

முதல் 40 விநாடிபோல வாத்தியமே இல்லை. துணையில்லாமல் மெதுவாகப் பாடும்போது குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வாத்தியம் நுழைந்ததும் அந்த இறக்கம் அம்பலமாகும். காதுக்கருவியில் மெல்லிய தம்புரா சுருதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கீபோர்டுக்காரர் தொடங்குமுன் ஒரு கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) கொடுத்தால் போதும். வரிகளின் முடிவை இழுக்காதீர்கள், இறக்கம் அங்கேதான் நேர்கிறது. கரோக்கி டிராக்கில் இந்தப் பகுதி மௌனமாக இருந்தால் எப்போது இசை நுழையும் என்றே தெரியாது. வழிகாட்டும் தாளத்தட்டு உள்ள டிராக்கைத் தேடுங்கள்.

ஸ்கேல் ஏ மேஜரில், நம் கணக்கில் 6 கட்டைச் சுருதியில், தொடங்கி 7 கட்டைக்கு ஏறுகிறது. ஒரு கண மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, உடனே புதிய சுருதியில் பல்லவி. பழைய சுருதியின் சதுஸ்ருதி ரிஷபமே (பெரிய 'ரி') புதிய ஷட்ஜம் ('ஸ'). அந்த மௌனத்தில் ரிஷபத்தை மனத்துக்குள் பிடித்து, அடியைக் கேட்ட பிறகே வாய் திறங்கள். அவசரப்பட்டால் பழைய சுருதியிலேயே விழுவீர்கள்.

சுருதியை முடிவு செய்யும்போது முதல் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏறிய பிறகு வரும் உச்ச ஸ்வரத்தை நாலைந்து விநாடி அழுத்தமில்லாமல் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் 5 கட்டையில் தொடங்கி 6-க்கு ஏறுங்கள். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, கத்தினால் தெரியும்.

இன்னொன்று: டாலியின் 1973 பதிவை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். அலங்காரமே இல்லாத நேரான மெட்டு அதில்தான் இருக்கிறது. மூன்றாவது சரணத்தை, அவன் வாழ்வு நலமாகட்டும் என்று வாழ்த்தும் இடத்தை, அவர் பாடாமல் பேசுகிறார். என் கணிப்பில் பாட்டின் உயிர் அங்கேதான். ரான்ஸ்டட் பதிவில் அந்தச் சரணமே இல்லை. அதைக் கேட்டுக் கற்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

கல்யாண வரவேற்பில் பாடலாமா?

வேண்டாம். பாட்டில் பேசுகிறவள் பிரிந்து போகிறாள். பணி ஓய்வு விழாவுக்கு மிகவும் பொருந்தும்.

ஆண் பாடினால்?

6 கட்டையிலேயே ஒரு ஸ்தாயி கீழே பாடினால் சரணம் முணுமுணுப்பாகிவிடும். 2 அல்லது 3 கட்டையில் முயலுங்கள். ஜோடியாகப் பாட, டாலியும் வின்ஸ் கில்லும் 1995-ல் தந்த பதிவைக் கேளுங்கள். சரணங்களைப் பிரித்துக்கொண்டு பல்லவியில் மட்டும் சேர்ந்தால் ஒத்திகை பாதியாகக் குறையும்.