ஐயாவின் ரத்தமா, அப்பச்சியின் பெல்ட்டா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மகனுக்குப் பதினைந்து வயது, பத்தாவது படிக்கிறான். ஒரு வருடமாக அவன் கோபத்தைத் தாங்க முடியவில்லை. போன மாதம் அவன் அப்பச்சி, அதாவது என் வீட்டுக்காரர், செல்போனைப் பிடுங்கி வைத்ததற்கு, பட்டாலையில் இருந்த நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டான். குறுக்கே வந்த தங்கச்சியைத் தள்ளியதில் அவளுக்கு நெற்றியில் மூன்று தையல். "அது அவன் ஐயா ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார் என் மாமியார். ஐயா என்பது என் மாமனார், கோபத்துக்குப் பேர் போனவர். என் வீட்டுக்காரருக்கும் அதே கோபம்தான், கை நீட்டுவதும் உண்டு. மகனைப் பெல்ட்டால் அடிக்கிறார். கடையில் மட்டும் அவரைப் போலத் தன்மையானவர் இல்லை என்பார்கள். என் தம்பியோ, கோபத்தை அடக்கினால்தான் ஆபத்து, வெளியே விட்டால் தணிந்துவிடும் என்று சொல்லி, பாக்ஸிங் பை ஒன்றை வாங்கி வந்து வளவில் (உள் முற்றத்தில்) தொங்கவிட்டிருக்கிறான். இது பரம்பரைக் கோபமா? ஹார்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? இவனை மாற்ற முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். கடையில் உங்கள் வீட்டுக்காரர் தன்மையானவர் என்கிற வரி. கடையில் கோபம் வரக் காரணமா இல்லை? கடன் சொல்லிப் போகிறவர், வாங்கின பொருளைப் பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவருகிறவர், சரக்கு அனுப்பாமல் இழுத்தடிக்கிற மொத்த வியாபாரி என்று எத்தனை பேர்! அங்கேயும் அவர் உடம்பில் ஓடுவது அதே ரத்தம்தான். அங்கே நீளாத கை, வீட்டு வாசப்படி ஏறியதும் நீளுகிறது. அப்படியென்றால் கோபத்தைப் பிடித்து நிறுத்தத் தேவையான எல்லாம் அவரிடம் இருக்கிறது. வீட்டில் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று யாரும் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

நானும் உங்கள் பக்கத்து ஊரில் வளர்ந்தவள்தான். எங்கள் பெரியப்பச்சி குரல் எடுத்தால் இரண்டாங்கட்டில் வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள். சம்பந்தி வீட்டார் முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் குரல் இருந்த இடம் தெரியாது. அவர் கோபத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டில் எல்லாரும் சொன்ன வார்த்தையும் 'ரத்தம்'தான். எனக்கு அது புரியவே பல வருடம் ஆயிற்று. அதனால்தான் உங்கள் கடிதம் என்னை விடவில்லை.

உங்கள் மகனையும் இப்படிக் கவனித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அவன் போனைப் பிடுங்கியிருந்தால் அங்கே கண்ணாடியை உடைத்திருப்பானா? உடைக்க மாட்டான் என்றால் நல்ல செய்தி. வீடு, பள்ளி, டியூஷன் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெடிக்கிறான் என்றால் அதற்கு வேறு கவனிப்பு வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உடம்புக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து, அவமானம் என்று எதுவும் வந்தால் நாம் யோசிப்பதற்கு முன்பே உடம்பைச் சண்டைக்குத் தயாராக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 'பொறு, இவள் உன் தங்கச்சி' என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி. பதினைந்து வயதில் முதலாவது நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டாவது முழுசாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும். அதனால் இந்த வயதில் கோபம் சீக்கிரம் வருவதும், மெதுவாக இறங்குவதும் இயல்பு. தூக்கம் குறைந்தால் நெற்றிப் பக்கத்தின் பிடி இன்னும் தளரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து படித்துக்கொண்டிருந்தால், டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் அவனைத் தூங்க விடுங்கள்.

மூளையில் ஒரு கோபப் பொத்தான் இருக்கிறது, அதை அணைத்தால் போதும் என்றும் ஒரு காலத்தில் நினைத்துப் பார்த்தார்கள். சிறாவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இது நன்றாக விளங்கும். 1963-ல் ஸ்பெயின் நாட்டின் கோர்தோபாவில் ஹோசே டெல்காடோ என்ற விஞ்ஞானி, சண்டைக் காளை ஒன்றின் மூளையில் மின்கம்பியைப் பொருத்திவிட்டு, கையில் ரேடியோக் கருவியோடு களத்தில் இறங்கினார். பாய்ந்து வந்த காளை, பொத்தானை அழுத்தியதும் நின்றுவிட்டது. உலகமே வியந்தது. ஆனால் அந்த மின்சாரம் காளையின் கோபத்தை அணைக்கவில்லை, அதன் உடம்பைத்தான் ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தியது என்று மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். ஒரு காளைக்கே இத்தனை விவாதம்.

சரி, ஹார்மோன். வயதுக்கு வரும் பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும், எல்லாருக்கும் ஏறும். எல்லாரும் கண்ணாடியை உடைப்பதில்லை. அந்த அளவை வைத்து இவன் அடிப்பான், இவன் அடிக்க மாட்டான் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தொடர்பு அவ்வளவு மெலிசானது. ஆகவே கோபத்துக்காக மட்டும் ஹார்மோன் டெஸ்ட் வேண்டாம்.

இதில் ஒரு ஆய்வை மட்டும் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் மாமியாரிடமும் சொல்ல வேண்டும். 2010-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் வெளியிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சொல்லவில்லை. அப்புறம் பணத்தைப் பங்கு பிரிக்கிற ஒரு விளையாட்டு. ஹார்மோன் உண்மையாகவே உடம்புக்குள் போனவர்கள் மற்றவர்களைவிட நியாயமாகப் பங்கு கொடுத்தார்கள். 'எனக்கு அந்த ஹார்மோனைத்தான் கொடுத்திருக்கிறார்கள்' என்று நம்பியவர்கள், உள்ளே போனது எதுவாக இருந்தாலும், கறாராக நடந்துகொண்டார்கள். ஹார்மோன் செய்யாததை ஹார்மோனைப் பற்றிய நம்பிக்கை செய்தது. 'ஐயா ரத்தம்' என்ற பேச்சைக் கேட்டே வளர்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கோபம் வரும்போது அவன் எதற்காக மல்லுக்கட்ட வேண்டும்? தோற்பான் என்று பெரியவர்களே முடிவு செய்துவிட்டார்களே.

பரம்பரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோப சுபாவத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நியூசிலாந்தின் டுனீடின் நகரத்தில் 1972, 73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைச் சின்ன வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மூளையின் ரசாயனங்களைக் கட்டுப்படுத்துகிற மாவோ-ஏ என்ற மரபணு, அங்கிருந்த ஆண்பிள்ளைகள் சிலருக்கு மந்தமாக வேலை செய்தது. 2002-ல் வந்த முடிவு இது: மரபணு மந்தமாக இருந்து, குழந்தைப் பருவத்தில் கொடுமையும் அனுபவித்தவர்கள்தான் வளர்ந்த பிறகு வன்முறைப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். அதே மரபணு இருந்தும் அடி உதை படாமல் வளர்ந்தவர்களிடம் அந்தச் சாய்வு தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதை உறுதிப்படுத்தின, சில உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் நமக்கு வேண்டியது இதில் கிடைக்கிறது. ஒருவேளை உங்கள் மாமனாரிடமிருந்து ஏதோ ஒன்று பேரனுக்கு வந்தே இருக்கட்டும். அப்போதும் அதை எழுப்பக் கூடியது பெல்ட். ரத்தத்தை உங்களால் மாற்ற முடியாது. பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்துவிட முடியும்.

பெல்ட் வேறொன்றையும் செய்கிறது. 1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்து, உதைத்து, திட்டுவதைச் சின்னக் குழந்தைகள் பார்க்கும்படி செய்தார். பிறகு குழந்தைகளைப் பொம்மையோடு விட்டால், பலர் பார்த்ததை அப்படியே செய்தார்கள், அதே வார்த்தைகளோடு. உங்கள் மகன் பார்ப்பது பொம்மையை அடிப்பதை இல்லை. தனக்குப் பிடிக்காததைச் செய்த சின்னவரைப் பெரியவர் அடிக்கலாம் என்ற பாடத்தை, தன் முதுகிலேயே வாங்குகிறான். அதைத் தன்னைவிடச் சின்னவளிடம் ஒப்பிக்கிறான்.

கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்பவர் குழந்தைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து கண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மனுஷர் அதிகமாக அடிப்பது, கடிப்பது, தள்ளுவது எல்லாம் இரண்டிலிருந்து நாலு வயதுக்குள்தான். அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் அது வருடா வருடம் குறைகிறது. பேச்சு வருகிறது, காத்திருக்கப் பழகுகிறார்கள், அடிக்காமலே காரியம் நடக்கும் என்று வீட்டில் பார்க்கிறார்கள். உங்கள் மகன் அந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான், அவ்வளவுதான். கணக்கில் பின்தங்கினால் 'பரம்பரை' என்று விட்டுவிடவா போகிறோம்?

உங்கள் தம்பி நல்ல எண்ணத்தில்தான் பையை வாங்கி வந்திருக்கிறார். கோபம் குக்கரில் ஏறும் ஆவி மாதிரி, விசில் அடித்தால் இறங்கிவிடும் என்ற நினைப்பு பழையது. கொன்ராட் லோரன்ஸ் போன்ற பெரிய விஞ்ஞானிகளே அப்படி எழுதியிருக்கிறார்கள். 2002-ல் பிராட் புஷ்மன் என்பவர் அறுநூறு மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். முதலில் அவர்களுக்குக் கோபம் மூட்டினார். பிறகு ஒரு பகுதியினர், கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டு பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியிருந்தது, சும்மா இருந்தவர்களுக்குத்தான் குறைவு. விளையாட்டாகக் குத்துச்சண்டை கற்றுக்கொள்வதானால் தாராளமாகக் கற்கட்டும். கோபம் வந்த நேரத்தில் அந்தப் பை பக்கம் அனுப்பாதீர்கள். வாய்க்குள் அப்பச்சி பெயரைச் சொல்லிக் குத்தினால் அது ஒத்திகை.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் உங்கள் வீட்டுக்காரர். அவர் கோபமாக இருக்கும்போது பேச வேண்டாம், கடை லீவு நாளில் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். "கடையில் நீங்கள் எப்படிப் பொறுமையாக இருக்கிறீர்கள்? அதை இவனுக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். குற்றம் சாட்டுவதைவிட இது அவர் காதில் ஏறும். உண்மையும் கூட. நாள் முழுவதும் கடையில் விழுங்கிய எரிச்சல் வீட்டில், தன்னைவிடச் சின்னவர் மேல் இறங்குவது மனித சுபாவம்தான். 1939-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். சுபாவம் என்பதால் அது சரியாகிவிடாது. கடையிலிருந்து வந்ததும் குளித்து, கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வளவுக்கு வரட்டும். நம் வீடுகளில் அதற்குத் திண்ணை இருக்கிறது.

மகனிடம் போனைப் பிடுங்குவது இனி வேண்டாம். எத்தனை மணிவரை என்று அவனையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும் அவனே கொண்டுவந்து வைக்க வேண்டும். கோபம் ஏறிவிட்டால் அந்த நிமிஷம் நியாயம் பேசாதீர்கள். யாராவது ஒருவர் இடத்தைவிட்டு நகருங்கள். உடம்பு இறங்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். அப்புறம் கட்டாயம் பேசுங்கள், விட்டுவிடாதீர்கள். கண்ணாடிக்கான பணத்தை அவன் சேமிப்பிலிருந்தோ, லீவில் வேலை செய்தோ அவன்தான் கொடுக்க வேண்டும். தங்கச்சியிடம் அவன் மன்னிப்புக் கேட்டானா? கேட்கவில்லை என்றால் இப்போதாவது கேட்கட்டும். அவளிடம் "அண்ணனைக் கோபப்படுத்தாதே" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். அவன் கத்தும்போது ஆயா (பாட்டி) வீட்டுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ போய்விடலாம் என்று சொல்லிவையுங்கள்.

ஒரு வருடமாகத்தான் இந்தக் கோபம் என்கிறீர்கள். அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது? பள்ளியில் யாராவது அவனைக் கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா? மார்க் குறைந்ததா? அவமானப்பட்ட பிள்ளை பல நேரம் அழுவதற்குப் பதிலாக அடிக்கும். தலையில் அடிபட்டிருந்தால், வலிப்பு வந்திருந்தால், தூக்கமும் சாப்பாடும் அடியோடு மாறியிருந்தால், எல்லா இடத்திலும் வெடிக்கிறான் என்றால், சாகிற பேச்சுப் பேசினால், மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். போனிலேயே பேச 14416, டெலிமானஸ், கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098.

கடைசியாக ஒன்று. "கை நீட்டுவதும் உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் மேல் என்று எழுதவில்லை. மகனைப் பெல்ட்டால் அடிப்பதைத் தனியாக எழுதியிருப்பதால் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது: உங்கள் மேலா? ஆம் என்றால் நான் மேலே சொன்ன பக்குவமான பேச்சையெல்லாம் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அவரிடம் பேசுவது உங்களுக்கு ஆபத்து என்றால் பேசாதீர்கள். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வீட்டைவிட்டு வெளியேறாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஊரும் பேரும் வேண்டாம், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.