பால் மறக்கும் பன்றிக்குட்டியின் வயிறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

35-ஆம் நாளில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தேன். நான்காம் நாளே தண்ணீராகக் கழிகின்றன. நோய் எங்கிருந்து வந்தது? (வாடிப்பட்டி வாசகர்)

நோய் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பால் குடிக்கும் குட்டியின் குடலில், பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உண்டு வாழும் லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் மிகுந்திருந்து, தாம் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தால், கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவை அடக்கி வைக்கின்றன. பால் ஒரே நாளில் நின்றுபோனால் அவற்றுக்கு இரை இல்லை. தாய்ப்பாலோடு வந்துகொண்டிருந்த நோய் எதிர்ப்புப் புரதங்களும் நின்றுவிடுகின்றன. புதிய தீவனத்தை முகர்ந்துவிட்டுக் குட்டி ஓரிரு நாள் பட்டினி கிடக்கையில், சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நீண்டிருக்கும் உறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன. பிறகு பசி தாங்காமல் அது அள்ளித் தின்னும்போது, செரிக்காத புரதம் பெருங்குடலுக்கு இறங்கி அழுகி, அம்மோனியாவை உண்டாக்குகிறது, ஈ.கோலியும் குடற்சுவரில் ஒட்டி நச்சைச் சுரக்கிறது. நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும் பிரிவோடெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகிய பிறகே வயிறு நிலைப்படும். அந்த இடைக்காலத்தைக் குட்டி தாங்குமா என்பது பெரும்பாலும் நம் தீவனத்தைப் பொறுத்தது.

அப்படியானால் தீவனத்தை எப்போது பழக்குவது? (உசிலம்பட்டி)

தாயோடு இருக்கும்போதே, பத்தாம் நாளிலிருந்து, தாய்ப்பன்றிக்கு எட்டாத மூலையில் ஒரு கைப்பிடி வைத்து, மிஞ்சியதைத் தினமும் அகற்றிவிடுங்கள்.

விரைவாக எடை கூட, புண்ணாக்கையும் கருவாட்டுத்தூளையும் கூட்டலாமா? (மேலூர்)

பிரித்த முதல் இரண்டு வாரங்களில் வேண்டாம். நம்மவர்கள் ஆசையோடு செய்யும் இந்தத் தவறுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. புரதத்தை ஏறத்தாழ 18 சதவீதத்தில் நிறுத்தி, லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால், வளர்ச்சி பெரிதும் குன்றாமல் குடலில் அழுகல் குறையும். கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு. பூஞ்சை பிடித்ததாக இருந்தால் அது நஞ்சு. சோயாவை வறுக்காமல் கொடுத்தால் புரதம் செரிப்பது தடைபடும். சுண்ணாம்புத்தூளையும் அளவோடு சேர்க்க வேண்டும். குட்டியின் இரைப்பையில் குறைவாகவே சுரக்கும் அமிலத்தை அது முறித்துவிடும். நூற்றுக்கு நான்கு பங்கு கோதுமைத் தவிடு சேர்ப்பது நல்லது. பாலைத் திரித்துப் பன்னீர்க் கட்டி செய்பவர்களிடம் புதிதாக வடித்த தண்ணீர் கிடைத்தால், அதிலுள்ள லாக்டோஸ் பழைய நல்ல பாக்டீரியாக்களுக்குச் சில நாள் இரையாகும்.

மதுரை ஓட்டல்களின் மிச்சத்தைக் குட்டிகளுக்கு வைக்கலாமா? (திருமங்கலம்)

பால் மறந்த குட்டிக்குக் கூடாது. உப்பும் எண்ணெயும் மிகுதி. பெரிய பன்றிகளுக்கும் நன்றாகக் கொதிக்க வைக்காமல் வைத்தால் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பரவக்கூடும்.

கழிச்சல் வராமலிருக்க ஆன்டிபயாட்டிக் தூளைத் தீவனத்தில் கலக்கலாமா? (அலங்காநல்லூர்)

தயவுசெய்து கலக்காதீர்கள். அது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்து, எஞ்சியவற்றுக்கு மருந்தைத் தாங்கும் திறனைக் கொடுத்துவிடும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2019 முதல் தடை உள்ளது. கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறுத்தியது. கழிச்சல் கண்ட குட்டிக்கு முதலில் உப்பும் குளுக்கோஸும் கலந்த சுத்தமான நீரைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.