கிடாரத்தில் கொதித்தாலும் போகாத நஞ்சு

ஒட்டுசுட்டானில் ஒன்பது பன்றிகள் வளர்க்கும் வாசகர் ஒருவர், சாப்பாட்டுக் கடைகளின் மீதிச் சோற்றோடு ஆலைத் தவிட்டைக் கலந்து கொடுத்தும் நிறை ஏறவில்லை என்றும், மாரி தொடங்கியபின் இரண்டு பன்றிகள் தின்றதைக் கக்குகின்றன என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் தவிட்டு மூட்டையைப் பாருங்கள். மூட்டையின் நடுவே கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். அது கட்டிபட்டு, இளஞ்சூடாக, புழுங்கிய மணத்தோடு இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். கக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். கச்சான் புண்ணாக்கிலும் இந்த ஆபத்து உண்டு. பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளடொக்சின் போன்ற நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை என்பதால், அத்தகைய தவிட்டை வேகவைத்துக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று எண்ணாமல் புதைத்துவிடுங்கள். இழப்பு வலிக்கும்தான், ஈரல் கெட்ட பன்றியால் வரும் இழப்பு அதைவிடப் பெரிது. இனி இரண்டு கிழமைக்குப் போதுமான அளவே வாங்கி, நிலத்தில் படாமல் பலகையின் மேல் அடுக்குங்கள்.

கடை எச்சத்தின் ஆபத்து வேறு. 2024 ஒக்டோபரில் இலங்கையில் உறுதிசெய்யப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரசு, வேகாத பன்றி இறைச்சித் துண்டுகளில் நெடுநாள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே இறைச்சி கலந்த எச்சத்தை வாங்காதிருப்பதே நல்லது. மற்ற எச்சத்தையும், உங்கள் பகுதியில் அதைக் கொடுக்க அனுமதி உண்டா என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டபின், கொதி வந்ததிலிருந்து ஒரு மணி நேரம் கிளறிக் காய்ச்சியே கொடுக்க வேண்டும். பச்சை எச்சம் அள்ளிய வாளியால் காய்ச்சியதை அள்ளினால் அத்தனை விறகும் வீண்.

நிறை ஏறாததற்குக் காரணம், எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீராக இருப்பதும், சோற்றிலும் தவிட்டிலும் தசை வளரத் தேவையான புரதம், குறிப்பாக லைசின் என்னும் புரதக் கூறு, குறைவாக இருப்பதுமே. குருணல் மூன்றரை, தவிடு மூன்றரை, தேங்காய்ப் புண்ணாக்கு இரண்டு, உப்பிடாத உலர்மீன் தூள் ஒன்று எனக் கிலோக் கணக்கில் கலந்தால் ஏறக்குறைய 16 வீதம் புரதம் கிடைக்கும். உப்புக் கருவாடு வேண்டாம்; தண்ணீர் குறையும் நாளில் உப்பே பன்றியைக் கொல்லும். மரவள்ளியைத் தோல் நீக்கிச் சீவி, வெயிலில் நன்றாக உலர்த்திய பின்பே சேர்க்கலாம்.

கக்கும் இரண்டையும் இன்றே பிரித்துக் கட்டி, காது சிவந்திருக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு பன்றியையும் விற்காமல், இறைச்சிக்கும் வெட்டாமல், உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.