காதோரக் கட்டிக்கு இரண்டு பெயரா?

கேள்வி: என் அம்மாவுக்குக் காதுக்குக் கீழே சில வருடங்களாக ஒரு கட்டி. வலியில்லை. ஊசிப் பரிசோதனையில் 'ப்ளியோமார்ஃபிக் அடினோமா' என்று வந்திருக்கிறது. வேறொரு டாக்டர் 'மிக்ஸ்டு ட்யூமர்' என்கிறார். இரண்டும் வேறு வேறா? புற்றுநோய் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் ஒன்றேதான், பயப்படாதீர்கள். அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளை வெட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. இந்தக் கட்டியை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, குருத்தெலும்பு போல வழவழப்பாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் சுரப்பி செல்கள் ஒருபக்கம், சளி மாதிரியும் குருத்தெலும்பு மாதிரியும் ஒரு பொருள் மறுபக்கம். இந்தக் கலப்பைப் பார்த்துத்தான் பழைய ஆட்கள் 'மிக்ஸ்டு' என்றார்கள். காதுக்குக் கீழே ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி உண்டு; உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் அதிகம் வருவதும் இதுதான்.

அப்புறம், காதோரம் வருவதெல்லாம் இதுவே அல்ல. வார்தின் கட்டி என்று ஒன்று உண்டு. புகைபிடிப்பவர்களிடம் அதிகம், சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். வெட்டினால் பழுப்பு நிறத் திரவம் வழியும். இதற்கு முன்பு 'அடினோலிம்ஃபோமா' என்று பெயர். அதில் 'லிம்ஃபோமா' என்பதைப் படித்துவிட்டு ரத்தப் புற்றுநோயோ என்று கலங்கிப்போனவர்கள் எத்தனை பேரோ! அந்தப் பெயரை இப்போது விட்டுவிட்டார்கள். நல்லதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 1972-இல் போட்ட பட்டியலில், கலப்பு இல்லாத சாதுவான கட்டிகளையெல்லாம் 'மோனோமார்ஃபிக் அடினோமா' என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்தது. 1991-இல் அதை அவிழ்த்து, பேசல் செல் அடினோமா, ஆங்கோசைட்டோமா என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். 2022 பதிப்பில் பட்டியல் இன்னும் நீளம்.

சரி, விட்டுவிடலாமா? இங்கேதான் பெயர் முக்கியம். வார்தின் என்று உறுதியானால், தொந்தரவில்லாத பட்சத்தில் கண்காணித்தே வரலாம். அம்மாவுக்கு இருப்பது அப்படியில்லை. சாதுதான், ஆனால் வருடக்கணக்கில் விட்டால் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. அதனால் பொதுவாக எடுத்துவிடத்தான் சொல்வார்கள். கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்தால் போதாது. அதன் உறை சில இடங்களில் மெல்லியது, சின்னச் சின்ன முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று தங்கினாலும் பல வருடம் கழித்துக்கூடத் திரும்ப முளைக்கும். எனவே சுற்றியுள்ள சுரப்பியில் கொஞ்சத்தையும் சேர்த்து, முகநரம்பைக் காப்பாற்றி எடுப்பார்கள். அந்த நரம்பை எப்படிப் பாதுகாப்பார்கள் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். இதற்கிடையில் கட்டி வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.