சிறையிலிருந்து வீட்டுக்கு: வாசகர் கேள்வி-பதில்

ஏழு ஆண்டுத் தண்டனை முடிந்து என் கணவர் இரண்டு மாதத்தில் விடுதலையாகிறார். முதலில் யாரைப் பார்ப்பது?
– வாசகி, திண்டுக்கல்

விடுதலை நாள்வரை காத்திருக்காதீர்கள், அம்மா. அடுத்த முறை மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போதே சிறை நல அலுவலரைச் சந்தியுங்கள். உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலர் யார், அலுவலகம் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறை மீண்டோருக்கான அரசு உதவியை அந்த நன்னடத்தை அலுவலரிடம் விசாரிப்பதே நேர்வழி.

உள்ளே உங்கள் கணவர் என்ன தொழில் செய்தார்? வேலூர் சிறையில் காலணி தைக்கிறார்கள், புழலில் பேக்கரி இருக்கிறது. கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் உண்டா என்று இப்போதே கேளுங்கள். வெளியே வந்தபின் அதற்காக அலைவது கொடுமை. வேலை செய்த கூலியில் கணக்கில் மீதமுள்ள தொகையையும் விடுதலைச் சான்றையும் மறக்காமல் வாங்கச் சொல்லுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சிறுகடை வைக்க நினைத்தால், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கேட்கலாம்.

தண்டனைக் காலம் முடிந்தும் அபராதம் கட்ட முடியாததால் மகன் உள்ளேயே இருக்கிறான்.
– ஒரு தாய், விருதுநகர்

இதற்கென்றே 2023-இல் மத்திய அரசு ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கும் உதவி உண்டு. போதைப்பொருள், ஊழல் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) போன்ற சட்டங்களின் கீழான வழக்குகளுக்குப் பொருந்தாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளைக்கே போங்கள். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் தருவது அவர்கள் கடமை. தொலைபேசி 15100. பணமில்லை என்பதற்காக ஒருவர் ஒருநாள் கூடுதலாகச் சிறையில் இருப்பதும் அநியாயம்.

அரசு வேலை விண்ணப்பத்தில் பழைய வழக்கை மறைக்கலாமா?
– வாசகர், சேலம்

கூடாது, தம்பி. மறைத்தது பின்னால் தெரிந்தால் அதற்காகவே வேலை போகும். அற்பமான வழக்கு என்றால், மறைத்ததையும் மன்னிக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. ஆனால் அதை நம்பி மறைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னாலும் நியமனம் நிச்சயமில்லை. கசப்பான செய்திதான், ஆனாலும் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

விடுதலையானவர் வாக்களிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக. சிறையில் இருக்கும்வரைதான் தடை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள்.

அண்ணன் வந்து ஒரு மாதமாகிறது. யாரிடமும் பேசுவதில்லை, இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை.
– வாசகி, மதுரை

சிறையில் மாலையிலேயே இரவுச் சாப்பாடு. பொழுது சாயும்முன் பூட்டிவிடுவார்கள். அறையில் விடியவிடிய விளக்கு எரியும். பல ஆண்டு அப்படிப் பழகிய உடம்பு ஒரு மாதத்தில் மாறாது. விளக்கு எரியட்டும். பசிக்கிறது என்றால் ஆறு மணிக்கே சோறு போடுங்கள். உறவினர்களைக் கூட்டி வைத்து விசாரணை நடத்தாதீர்கள். சந்தைக்கோ ரேஷன் கடைக்கோ போகும்போது துணைக்கு அழைத்துப் பாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். தூக்கமின்மை நீடித்தாலோ, சாக வேண்டும் என்று ஒரு சொல் வந்தாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.